37 இரவுகள், 29 சுண்டெலிகள்: மன்னார்குடிப் பக்கத்து ஓட்டு வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பிப்ரவரி 3ஆம் தேதி காலை அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, விதைநெல் மூட்டையின் அடியில் உமி குவிந்து கிடக்கிறது. மூட்டையைத் தூக்கினால் கையளவு ஓட்டை. நீ வந்து பார்" என்றார். பள்ளியில் முப்பது ஆண்டுகள் உயிரியல் நடத்திவிட்டு ஓய்வில் இருப்பவன் நான். 6ஆம் தேதி மாலை ஊர் போய்ச் சேர்ந்தேன். அன்றிரவு தொடங்கி மார்ச் 14 வரை 37 இரவுகளுக்கு அந்த வீட்டில் என்னென்ன வைத்தோம், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எந்த இடத்தில் நான் தவறாக முடிவு செய்தேன் என்பதை அக்கா வீட்டு நாட்காட்டித் தாள்களின் பின்புறம் தேதிவாரியாக எழுதி வைத்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

வீடு

நீடாமங்கலத்துக்கு அருகில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளையான பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது அக்காவின் ஊர். சுமார் எண்பது ஆண்டுப் பழமையான நாட்டு ஓட்டு வீடு. ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் கொல்லை. கொல்லை முடியும் இடத்தில் வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் வயல். முற்றத்து மழைத்தண்ணீர் சுவருக்கு அடியில் உள்ள மண்குழாய்த் தூம்பு வழியாகக் கொல்லைக்குப் போகும். கூடத்தின் வடக்கு மூலையில் ஒரு பத்தாயம், அதாவது நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டி, நிற்கிறது. அத்தானின் தாத்தா காலத்துப் பலா மரப் பத்தாயம். பதினைந்து ஆண்டுகளாக அதில் நெல் கொட்டுவதில்லை. பழைய கோணிகள், கிழிந்த பாய், பண்டிகைக்கு வந்த அட்டைப் பெட்டிகள் எல்லாம் அதற்குள் போய்விட்டன.

அக்கா, அத்தான், நான்கு வயதுப் பேத்தி என மூன்று பேர் வசிக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்த பூனை மார்கழியில் இறந்துபோயிருந்தது.

சம்பா அறுவடை ஜனவரி 26இல் முடிந்தது. நெல்லில் ஈரம் கூடுதலாக இருந்தது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் அரசுக் கொள்முதலில் எடுக்கமாட்டார்கள். அதனால் 38 மூட்டைகள் வீட்டிலேயே தங்கின. பகலில் களத்தில் காயும், இரவில் தாழ்வாரத்துக்குத் திரும்பும். சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தார்கள். விதைக்கு மூன்று மூட்டை, சாப்பாட்டுக்கு ஆறு மூட்டை கூடத்தில் தனியாக இருந்தன.

ஊரில் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். அறுப்பு முடிந்தது, வயலில் மறைவிடம் போனது, எலி வீட்டுக்கு வந்துவிட்டது. நானும் அதையே நம்பினேன். நம்பியதால் மூன்று வாரம் வீணானது.

வந்தது யார்

பொறி வைப்பதற்கு முன் வந்திருப்பது எது என்று தெரிய வேண்டும். வயல் எலிக்கு ஏற்ற பொறி சுண்டெலிக்கு ஆகாது. பெருச்சாளிக்கு ஏற்றது இரண்டுக்குமே ஆகாது. முதல் சான்று புழுக்கை. அடுக்களை அலமாரியின் பின்னால் கிடந்தவை சீரகத்தின் அளவு, இரு முனையும் கூர்மை. ஓட்டு எலியின் புழுக்கை இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீளம் இருக்கும். இரண்டாவது சான்று மூட்டையில் இருந்த நெல். மணியை மேலிருந்து உரித்து, அரிசியைச் சிறு சிறு கடியாகக் கொறித்து, உமியைக் குவித்துவிட்டுப் போயிருந்தன. மூன்றாவது சான்றை அக்காவே தந்தார்.

அக்கா தினமும் அரிசி மாவில் கோலம் போடுபவர். சில நாட்களாக விடியற்காலையில் கோலத்தின் ஒரு பக்கம் அழிந்து கிடப்பதாகச் சொன்னார். எறும்பு என்று நினைத்திருந்தாராம். அன்று இரவு அரிசி மாவுக்குப் பதில் கடையில் விற்கும் வெள்ளைக்கல் கோலப்பொடியை வாங்கி, அடுக்களை வாசல், முற்றத்தின் ஓரம், கூடத்து மூலை என மூன்று இடங்களில் ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிய பட்டையாகத் தூவினோம். தின்ன முடியாத பொடி என்பதால் தடம் மட்டும் மிஞ்சும். காலையில் மிகத் தெளிவாக இருந்தது. முன்கால் தடத்தில் நான்கு விரல், பின்கால் தடத்தில் ஐந்து. நடுவே வாலின் கோடு அங்கங்கே விட்டு விட்டு. சுண்டெலிதான்.

முற்றத்து ஓரத்தில் இன்னொரு தடமும் இருந்தது. அதில் முன்காலிலும் ஐந்து விரல்கள். அது மூஞ்சூறு. மூஞ்சூறு எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் பிராணி. நீண்ட மூக்கும் கெட்ட வாடையும் இருப்பதால் மக்கள் அதை எலியோடு சேர்த்து அடித்துவிடுகிறார்கள். கரப்பான்பூச்சியைத் தின்று வீட்டுக்கு நன்மை செய்வது அது. இந்த 37 இரவுகளில் எங்கள் பொறியில் மூஞ்சூறு ஒரே ஒருமுறை விழுந்தது. கொல்லையில் விட்டுவிட்டோம்.

விஷம் வைக்காததற்குக் காரணம்

அத்தான் முதலில் கேட்டது எலி மருந்துதான். நான் மறுத்தேன். நான்கு வயதுக் குழந்தை தரையில் தவழ்ந்து விளையாடும் வீடு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலைச் சிதைத்துவிடும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடையும் வந்துவிட்டது. துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டதும் நச்சு வாயுவாக மாறும். இரத்தம் உறையாமல் செய்யும் மருந்து வகையைத் தின்ற எலி சாவதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அதைக் கூகை பிடித்துத் தின்றால் கூகைக்கும் ஆபத்து. அந்த ஊர்ப் புளியமரத்தில் கூகை ஒரு ஜோடி இருக்கிறது. இரவெல்லாம் எலி பிடித்து வயலைக் காப்பவற்றை நாமே கொல்வது சரியில்லை. விஷம் தின்ற எலி பரணிலோ சுவர் இடுக்கிலோ செத்து நாறினால் எடுக்கவும் வழியில்லை. பசை அட்டையை அத்தான் ஏற்கெனவே ஒருமுறை வாங்கி வைத்திருக்கிறார். அதில் ஒட்டியது இரண்டு பல்லிகள்.

ஆக, வீட்டில் இருப்பதைக் கொண்டு பொறி செய்வது என்று முடிவானது.

முதல் ஐந்து இரவுகள்: கிண்ணமும் காசும்

சின்ன வயதில் அம்மா செய்து பார்த்தது இது. எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, ஒரு பக்கத்தை ஐந்து ரூபாய்க் காசின் விளிம்பின் மேல் நிறுத்த வேண்டும். கிண்ணத்தின் உட்சுவரில், வாசலுக்கு எதிர்ப்பக்கத்தில், இரையை ஒட்ட வேண்டும். எலி உள்ளே போய் இரையை இழுத்தால் கிண்ணம் அசையும், காசு சாயும், கிண்ணம் மூடிக்கொள்ளும். கீழே வழவழப்பான ஓடோ தட்டோ இருந்தால்தான் காசு சரியாக வழுக்கும். மேலே சிறு கல் ஒன்றைப் பாரமாக வைத்தால் எலி கிண்ணத்தை நெம்பாது.

நான்கு கிண்ணங்கள் வைத்தோம். ஐந்து இரவில் இரண்டு சுண்டெலிகள், ஒரு மூஞ்சூறு. மற்ற நாட்களில் கரப்பான்பூச்சியோ மின்விசிறிக் காற்றோ காசைச் சாய்த்துவிட்டது. காலையில் மூடிய கிண்ணத்தைப் பார்த்து ஆசையோடு அட்டையைச் செருகித் தூக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது.

இங்கே என் முதல் தவறு இரையில் இருந்தது. வழக்கப்படி நெல்பொரியை வைத்தேன். ஐம்பது மூட்டை அளவுக்கு நெல் கிடக்கும் வீட்டில் பொரிக்காக எந்த எலி சிரமப்படும்? அந்த வீட்டில் எது கிடைக்காதோ அதைத்தான் இரையாக வைக்க வேண்டும். உலர்ந்த நெல்லையே தின்று கிடப்பவற்றுக்குக் கொழுப்பும் இனிப்பும் இல்லை. ஆறாம் நாள் வறுத்த நிலக்கடலையும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்து அம்மியில் மசிய அரைத்தார் அக்கா. சுட்ட தேங்காய்ச் சில்லும் எடுத்துக்கொண்டோம். மசால் வடைக்கு இருக்கும் புகழ் நியாயமானதுதான், எண்ணெய் வாடை இழுக்கும். ஆனால் வடை உதிர்ந்துவிடும், எலி துண்டைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும். கடலை விழுது ஒட்டிக்கொள்வதால் நின்று நக்கத்தான் வேண்டும்.

வாளிப் பொறி

அடுத்த ஒன்பது இரவுகளுக்கு வாளிகள். இருபது லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு வீட்டிலேயே இருந்தன. சுண்டெலி ஓர் அடி உயரம் எம்பிக் குதிக்கும் என்பதால் சிறிய வாளி போதாது. பழைய குடைக்கம்பி ஒன்றை வாளியின் வாய்க்குக் குறுக்கே இருபக்கமும் துளையிட்டுச் செருகினேன். அந்தக் கம்பியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கோத்தேன். மூடியின் நடுவிலும் அடியின் நடுவிலும் சூடான ஊசியால் துளை. பாட்டிலின் நடுவயிற்றைச் சுற்றிக் கடலை விழுதைத் தடவினேன். தரையிலிருந்து வாளியின் விளிம்புக்குத் தென்னை மட்டை ஒன்றைச் சாய்த்து வைத்தேன். எலி மட்டையில் ஏறும், இரையை எட்ட பாட்டிலில் கால் வைக்கும், பாட்டில் உருளும், எலி உள்ளே விழும். பாட்டில் மறுபடி நிலைக்கு வந்துவிடுவதால் அடுத்ததும் விழும். கிண்ணம் ஓர் இரவில் ஒன்றைத்தான் பிடிக்கும். வாளிக்கு அந்த வரம்பு இல்லை.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. செய்து பார்த்த மாலையிலேயே மூன்று குறைகள் தெரிந்தன. குடைக்கம்பி துருப்பிடித்திருந்ததால் பாட்டில் உருளவில்லை. தேங்காயெண்ணெய் தடவியதும், விரலால் தொட்டாலே சுழன்றது. மட்டையின் நுனி பாட்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு விரல் இடைவெளி விட்டேன். வாளியின் உட்புறத்தில் காய்ந்த பெயின்ட் திட்டுகள் சொரசொரப்பாக இருந்தன. அவற்றைச் சுரண்டி எடுத்து, மேல்பகுதியிலும் எண்ணெய் தடவினேன். வாளியைச் சுவரை ஒட்டியே வைக்க வேண்டும். சுண்டெலி திறந்த தரையைக் கடக்காது, மீசையும் விலாவும் சுவரில் உரசியபடி ஓடும். அந்தப் பாதையில் சுவரெல்லாம் மங்கலாக ஒரு அழுக்குக் கறை படிந்திருக்கும். கண்டுபிடித்தால் அங்கேயே வைக்கலாம்.

பலர் வாளியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நான் ஊற்றவில்லை. சுண்டெலி நீந்தக்கூடியது. மணிக்கணக்கில் நீந்திக் களைத்துச் சாகும். அடியில் ஒரு பிடி வைக்கோல் போட்டு, விடிவதற்கு முன்பே போய்ப் பார்த்தேன்.

ஒன்பது இரவுகளின் கணக்கு இது: 3, 4, 2, 2, 1, 1, 0, 1, 0. ஒரு வாளி அடுக்களையில், ஒன்று பின்தாழ்வாரத்தில்.

முதல் இரண்டு இரவுகளில் விழுந்த ஏழையும் கொல்ல மனம் வரவில்லை. வாய்க்கால் கரையில் விட்டுவிடலாம் என்றார் அக்கா. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பேத்தியின் சிவப்பு நகப்பூச்சை நீண்ட குச்சியின் நுனியில் தொட்டு, வாளிக்குள் இருந்தவற்றின் முதுகில் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். வீட்டிலிருந்து அறுபது மீட்டர் தூரத்தில், வாய்க்காலின் இந்தக் கரையிலேயே விட்டோம். எட்டாவது, ஒன்பதாவது இரவுகளில் விழுந்த நான்கில் இரண்டின் முதுகில் சிவப்புப் புள்ளி இருந்தது. பதினோராவது இரவில் மூன்றாவது வந்தது. பிடிபட்டவை பதினான்கு முறை என்றாலும், தனித்தனி எலிகள் பதினொன்றுதான்.

இன்னும் தொலைவில், இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடலாமே என்று கேட்கலாம். அங்கே இருப்பதும் இன்னொருவரின் வயலும் வீடும்தான். அதன் பிறகு பிடிபட்டவற்றைக் கனத்த சாக்கில் இட்டு ஒரே அடியில் முடித்து, கொல்லையில் இரண்டடி ஆழத்தில் புதைத்தேன். அதைச் செய்த ஒவ்வொரு காலையும் மனம் கனத்தது. ஆனாலும் விரைவாக முடிப்பதே அந்த உயிருக்கு நான் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை என்று கருதினேன்.

கிட்டி

இடையில் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல். ஊரில் கிட்டி கட்டத் தெரிந்த கடைசி சிலரில் ஒருவர். தஞ்சாவூர்க் கிட்டி என்று வேளாண்மைத் துறைக்காரர்களும் சொல்லும் வில் பொறி அது. மூங்கில் சிம்பை வளைத்து வில்லாக்கி, நாண் கட்டி, நடுவில் இரை செருகிய சாவிக்குச்சியைப் பொருத்துவார்கள். எலி இரையை இழுத்த நொடியில் குச்சி நழுவும், வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கும். இரும்பும் இல்லை, ஆணியும் இல்லை. மூங்கிலும் கயிறும் மட்டுமே. ஒரு கிட்டியை அவர் கட்டி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சிம்பை விளக்கின் அனலில் காட்டி வளைத்த விதம், எந்தக் கணு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று விரலால் தடவிப் பார்த்த விதம், நாணைச் சுண்டி ஓசை கேட்டு இறுக்கத்தை முடிவு செய்த விதம் எல்லாவற்றையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முப்பது ஆண்டுகளாக வகுப்பில் நெம்புகோலும் மீள்விசையும் படம் போட்டு விளக்கும் ஆசிரியர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். இந்தக் கிட்டியை ஒருநாளாவது வகுப்புக்குள் கொண்டுவந்திருக்கலாம் என்று அன்று தோன்றியது. கொண்டுவராதது எங்கள் குறை.

ஆனால் வீட்டுக்குள் வைக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஐயா, இது வரப்புக்குச் செய்தது. குழந்தை விரலை விட்டால் என்ன செய்வீர்கள்? சுண்டெலிக்கு இந்த வில் பெரிது, நடுவில் நழுவிவிடும்" என்றார். பன்னிரண்டு கிட்டிகள் கட்டிக் கொல்லைக்கு அப்பால் வாய்க்கால் வரப்பில், வளை வாய்களுக்கு அருகே வைத்தார். நான்கு இரவுகளில் ஒன்பது வயல் எலிகள் பிடிபட்டன. அத்தனையும் பெரிய உடம்பு, கறுத்த முரட்டு ரோமம். ஒரு சுண்டெலிகூட இல்லை. அந்த ஒன்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை என்ன சொல்கின்றன என்பதை அப்போது நான் கவனித்திருக்க வேண்டும். வயலில் இருந்தது வேறு எலி. வீட்டில் இருந்தது வேறு எலி.

வெறும் வாளிகள்

பிப்ரவரி 16ஆம் தேதி மூட்டைகள் கொள்முதலுக்குப் போய்விட்டன. பதினான்காம் இரவோடு வாளிகளும் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டன. அடுத்த எட்டு இரவுகளில் விழுந்தது ஒன்றே ஒன்று. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். ஊருக்குத் திரும்பப் பையையும் கட்டினேன்.

தடுத்தது அக்காதான். காலையில் கூடம் பெருக்கும்போது பத்தாயத்தின் காலடியில் மறுபடி புழுக்கை. ஈரம் காயாத, கறுத்த, புதுப் புழுக்கை. "நீ எண்ணிக்கொண்டே இரு தம்பி. அது பெற்றுக்கொண்டே இருக்கும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழுக் கணக்கும் இருக்கிறது. பெண் சுண்டெலி சினையாகி மூன்று வாரத்தில் ஈனும். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் சாதாரணம். அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் தாமே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். இரவுக்கு ஒன்று பிடிப்பது அந்த வேகத்துக்கு ஈடாகாது. இதை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியவன். வெறும் பொறியைப் பார்த்தவுடன் வெறும் வீடு என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்றிரவு கோலப்பொடியை மறுபடி எடுத்தோம். இந்த முறை கூடம் முழுக்க, கட்டம் கட்டமாகத் தூவினோம். காலையில் அடுக்களைப் பக்கம் போன தடம் ஒன்றுகூட இல்லை. பத்தாயத்தின் அடியிலிருந்து கூடத்து நெல் மூட்டைகள் வரை, சுவரை ஒட்டிய மூன்று மீட்டர் தூரத்தில், தடத்தின் மேல் தடமாகப் பொடி கலைந்து கிடந்தது. பல தடங்கள் மிகச் சிறியவை. இரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சுண்டெலி கூட்டிலிருந்து சில மீட்டருக்கு மேல் போகாது. அடுக்களையில் இருந்த என் வாளிகள் அடுக்களைப் பக்கம் திரிந்தவற்றைப் பிடித்து முடித்துவிட்டன. கூடத்துக் குடும்பம் அந்த வாளிகளைப் பார்த்ததே இல்லை.

பத்தாயத்தைத் திறந்தது

பிப்ரவரி 28 காலை. முகத்தில் துணி கட்டி, கையுறை போட்டு, உள்ளே இருந்ததன் மேல் முதலில் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டோம். காய்ந்த எலிப்புழுக்கையை அப்படியே துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசியோடு கிருமி மூச்சில் ஏறும். எலிகளின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும். காலில் வெடிப்போடு சேற்றில் இறங்கும் டெல்டா மக்களுக்கு அதன் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாயத்தின் அடியில் நெல் எடுக்கும் வாய் ஒன்று உண்டு. அதை மூடும் பலகையைக் கரையான் தின்று, ஒரு மூலையில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தது. சுண்டெலிக்கு அவ்வளவுகூட வேண்டாம், பென்சில் நுழையும் துளை போதும்.

உள்ளே மூன்று கூடுகள். ஒன்றில் ரோமம் முளைக்காத ஐந்து குட்டிகள், இன்னொன்றில் கண் திறந்த நான்கு, ஒரு தாய். மூன்றாவது கூடு பழையது, காலியானது. அந்தக் காலிக் கூட்டை நான் செய்தித்தாளில் எடுத்து வைத்து ஒரு மணி நேரம் பிரித்துப் பார்த்தேன். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மிக முக்கியமான சான்று அது.

புதிய இரு கூடுகளும் பளிச்சென்ற சணல் இழைகளால் ஆனவை. இந்த ஆண்டு அறுவடைக்கு வாங்கிய புதுச் சாக்குகளின் இழை. பழைய கூட்டில் அந்தச் சணல் ஒரு நார்கூட இல்லை. பாய்க்கோரையும் பொடிப் பொடியாகக் கிழித்த வண்ணக் காகிதமும்தான் இருந்தன. காகிதத்தில் அச்செழுத்துகள் தெரிந்தன. தீபாவளிப் பட்டாசுப் பெட்டியின் மேலட்டை அது. தீபாவளிக்குப் பிறகுதான் அக்கா அதைப் பத்தாயத்துக்குள் போட்டார். ஆகவே அந்தக் கூடு தீபாவளிக்குப் பின், தையில் சாக்குகள் வீட்டுக்கு வருவதற்கு முன் கட்டப்பட்டது. ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழிக்குள்.

அறுவடை அவற்றை விரட்டி வரவில்லை. வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் நிரம்பிக் கொல்லையில் தண்ணீர் தேங்கியபோது, ஓரிரு ஜோடிகள் முற்றத்துத் தூம்பு வழியாக ஏறி வந்திருக்க வேண்டும். தூம்பின் கம்பி வலை உடைந்திருந்தது. பூனை அப்போது உயிரோடு இருந்தது, ஆனால் நோயில் படுத்திருந்தது. இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமல் பெருகி, தையில் 47 மூட்டை நெல் வாசலுக்கே வந்ததும் வெளியே தெரியத் தொடங்கின. நாங்கள் பார்த்தது முடிவை, தொடக்கம் மழையிலேயே நடந்துவிட்டது.

கடைசிப் பதினைந்து இரவுகள்

இடம் தெரிந்த பிறகு வேலை சுருக்கமாகிவிட்டது. பத்தாயத்தை முழுக்க வெளியே இறக்கி, மூன்று நாள் வெயிலில் வைத்தோம். தாயும் ஒன்பது குட்டிகளும் அன்றே கணக்கில் சேர்ந்தன. வாளிகளைக் கூடத்துச் சுவரோரம் மாற்றினேன். கடலை விழுதோடு ஒரு பஞ்சுத் துணுக்கையும் பாட்டிலில் ஒட்டினேன். கூடு இழந்த எலிக்குத் தீனியைவிடப் பஞ்சு பெரிது. எட்டு இரவுகளில் ஐந்து விழுந்தன. பிறகு ஏழு இரவுகள் ஒன்றுமில்லை. அந்த ஏழு இரவும் கோலப்பொடி போட்டே பார்த்தேன், பொடியிலும் ஒன்றுமில்லை.

கிண்ணத்தில் 2, முதல் வாளிச் சுற்றில் 11, இடைப்பட்ட எட்டு இரவில் 1, பத்தாயத்தில் 10, கடைசியில் 5. மொத்தம் 29.

தூம்புக்கு ஐந்து மில்லிமீட்டர்க் கண்ணுள்ள இரும்பு வலையைச் சட்டமடித்து, கழற்றி மாட்டும்படி பொருத்தினோம். நிரந்தரமாகப் பூசிவிட்டால் மழையில் சருகு அடைத்து முற்றம் குளமாகும். சமையல் எரிவாயுக் குழாய் நுழையும் துளையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசினோம். வெறும் சிமெண்டை ஈரத்திலேயே குடைந்துவிடும். கொல்லைக் கதவின் அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. தச்சர் வந்து தகடு அடித்தார். மூட்டைகள் இப்போது செங்கல் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கின்றன. சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஆள் நடந்து பெருக்க முடிகிறது.

இழப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்டெலி ஒன்று நாளைக்கு மூன்று கிராம் அளவுதான் தின்னும். இருபது எலி ஒரு மாதம் தின்றாலும் இரண்டு கிலோ நெல் ஆகாது. ஆனால் ஒவ்வொன்றும் நாளைக்கு ஐம்பது புழுக்கைக்கு மேல் போடும். விதைநெல்லில் ஒரு மூட்டையை அப்படியே ஒதுக்க வேண்டியதாயிற்று. மற்ற இரண்டிலிருந்து நூறு நெல்மணிகளை எண்ணி ஈரத் துணியில் முடிந்து வைத்தார் அத்தான். 88 முளைத்தன. விதைப்புக்கு அது போதும்.

பத்தாயத்தின் வாய்ப்பலகையை மாற்றி, உள்ளே வேப்பெண்ணெய் பூசி, மறுபடி கூடத்தில் வைத்தாயிற்று. கோணியும் அட்டையும் இனி அதற்குள் போகாது என்று அக்கா சொல்லிவிட்டார். விதைநெல்தான் இருக்கிறது. கொல்லைச் சுவரில் பன்னிரண்டு கிட்டிகளும் ஓர் ஆணியில் தொங்குகின்றன. நான் கிளம்பிய அன்று நாட்காட்டியில் ஐப்பசி முதல் தேதியைத் தேடி எடுத்து, பேத்தியின் நகப்பூச்சாலேயே சிவப்பாக வட்டமிட்டார் அக்கா. பக்கத்தில் ஒரு சொல் எழுதினார்: தூம்பு.